அணிகலனும் அடைவுச் சீட்டும்

பாமன்கடையில் நண்பர் ஒருவரின் வீட்டிலே, மேல்நாட்டில் அச்சான நகைப் படநூல்கள் சிலவற்றை அண்மையிற் புரட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. 'பழங்குடி நகைகள்', 'மரபு நகைகள்', 'சடங்கு நகைகள்' என்றெல்லாம் தலைப்பிட்ட நூல்கள். வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் அச்சு. நாகர்களின் சங்குமணி மாலைகளையும், திபெத்தியப் பவளத்தையும், ஆபிரிக்கப் பொன்வளைகளையும் கடந்து சென்ற கை, ஓரிடத்தில் தானாகவே நின்றது. பக்கம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு ஒரு சோடிப் பாம்படம். கறுப்புப் பின்னணி. கீழே மூன்றே செய்திகள்: தென்னிந்தியா, 19ஆம் நூற்றாண்டு, பொன்னும் அரக்கும். அந்த நகை தொங்கிய காதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"பிக்காசோவுக்கு முன்பே பிக்காசோ!" என்று வியந்தார் நண்பர். அவர் கலை உணர்வு மிக்கவர். அவருடைய வியப்பு பொய்யன்று. கனசதுரமும் உருண்டையும் கூம்பும் தகடும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும் அந்த உருவத்தைக் காண்பவர் எவருக்கும் அவ்வெண்ணம் தோன்றும். ஆயினும், ஒரு கலைப்பொருளைப் பாராட்டுவதற்கு அதனை ஐரோப்பிய ஓவியன் ஒருவனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாற் போதும் என்ற மனப்பான்மையை நாம் ஏற்க இயலாது. அந்த உருவம் எவ்வாறு வந்தது, எவருக்காக வந்தது, எவரிடமிருந்து போயிற்று என்ற மூன்று வினாக்களையும் கேளாத திறனாய்வு, கடைக்காரனின் விலைச்சீட்டுக்கு எழுதிய உரையாகவே முடியும்.

பாம்படம், தண்டட்டி, முடிச்சு, எதிர்தட்டு, நாகவடம் எனப் பல பெயர்களில் வழங்கிய இக்காதணிகள், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி வட்டாரங்களின் பல சாதிப் பெண்கள் அணிந்தவை. பெண்பிள்ளைக்குச் சிறுவயதிலேயே காதைக் குத்தி, துளையிற் பஞ்சுத் திரியும் ஓலைச் சுருளும் செருகி, பின்னர் ஈயக் குணுக்கை மாட்டி, காதுமடல் தோளைத் தொடுமளவுக்கு வளர்ப்பார்கள். அப்படி வளர்த்த காதிலே இந்நகைகள் தொங்கும்.

இனி அவற்றைச் செய்த முறையைக் கவனியுங்கள். முழுப் பொன்னால் அத்துணைப் பெரிய உருவத்தை வார்ப்பதாயின் எந்த உழவன் வீட்டாலும் இயலாது. இயன்றாலும் காது தாங்காது. எனவே பத்தர் மெல்லிய பொற்றகட்டை வெட்டி, மடித்து, ஒட்டி, உட்கூட்டை அரக்கினால் நிரப்பினார். குறைந்த பொன், நிறைந்த தோற்றம், குறைந்த பாரம். இதுவே அவர்முன் வைக்கப்பட்ட கணக்கு. தகட்டை மடித்து வேலை செய்பவனின் கைக்கு நேர்கோடும் கோணமும் இயல்பாக வரும். மடிப்பின் விளிம்பை மறைக்கச் சிறு உருண்டைகளும் முறுக்குக் கம்பிகளும் வரும். நண்பர் வியந்த கனசதுர அழகு, ஓர் ஏழைக் குடும்பத்தின் கையிலிருந்த பொன்னின் அளவும் ஒரு தொழிலாளியின் நுண்ணறிவும் சந்தித்த இடத்திற் பிறந்தது. இதனைச் சொல்வதால் அந்த அழகு குறைந்துவிடுமா? எமக்கு அது கூடுவதாகவே தோன்றுகிறது.

இன்று அவை எங்கே? பெரும்பாலானவை மூசையிலே உருகிவிட்டன. 20ஆம் நூற்றாண்டில் வளர்த்த காது நாகரிகமற்றதெனக் கருதப்பட்டது. பள்ளிக்கூடம் சென்ற பெண்கள் தொங்கிய மடலை அறுத்துத் தைத்துக்கொண்டனர். பாட்டியின் பாம்படம் பேத்தியின் சங்கிலியாயிற்று. இல்லையேல், மழை பொய்த்த ஆண்டில், பிள்ளைக்கு நோய் வந்த மாதத்தில், அடைவுக்குப் போய் மீளாமற் போயிற்று. தப்பிய சில சோடிகளே படநூலின் கறுப்புப் பின்னணிக்கு வந்து சேர்ந்தன. ஆகவே 'பழம்பொருள்' என்ற சொல்லை நாம் சற்று நிதானித்தே கையாள வேண்டும். நகையைப் பொறுத்தவரை பழமை என்பது உருக்கப்படாமற் தப்பியதற்குப் பெயர். செல்வர் வீட்டு நகையும் கோயில் நகையும் தப்புவது எளிது. ஏழையின் நகை தப்பியிருக்குமாயின், பெரும்பாலும் அது அவள் கையைவிட்டு வேறொருவர் கைக்குப் போனமையாலேயே தப்பியிருக்கும்.

படநூலாசிரியர் எல்லோரையும் ஒரே கோலாற் அளப்பது நீதியன்று. ஒப்பி அன்ட்ராக்ட் என்பவர் 1997இல் வெளியிட்ட இந்திய மரபு நகைகள் பற்றிய பெருநூல், ஓர் உலோகக் கைவினைஞரின் நூல். தொழில் நுட்பத்தையும் அணிவோரின் வழக்கங்களையும் அவர் பொறுமையோடு எழுதிச் செல்கிறார். அத்தகைய நூலையும் படம் மட்டும் பார்த்து மூடிவைக்கும் பழக்கம் நம்முடையது.

இலங்கையில் வாழும் நாம் இவ்விடயத்தில் ஆனந்த குமாரசுவாமியை நினையாதிருக்க முடியாது. 1877இல் கொழும்பிற் பிறந்து, கனிப்பொருள் ஆய்வு அதிகாரியாக இந்நாட்டின் கிராமங்களிற் சுற்றியபோது, கல்லைத் தேடிச் சென்றவர் கலையைக் கண்டார். 1908இல் வெளிவந்த அவருடைய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூல், சமூகத்தின் அமைப்பையும் கைவினைஞரின் நிலையையும் விளக்குவதாகத் தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்துக்கொள்கிறது. பொன்வேலை செய்பவனைக் கலைஞன் என்று கருதி, அவனது பட்டறையை, அவனது நிலமானியத்தை, அவனது சாதித் தகுதியை ஆராய்ந்து எழுதிய முன்னோடி அவர். கண்டிய நகைகளின் பெயர்களிலே தமிழின் சாயல் கேட்பதையும் அவ்வழியில் நாம் உணர்கிறோம். சிங்களத்தின் 'பதக்கம'வும் நம் பதக்கமும் ஒரே சொல்தானே! பட்டறை வாசலில் மொழிச் சண்டை இருக்கவில்லை.

எனினும் குமாரசுவாமியின் பார்வைக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் தேடியது சிதையாத ஒரு பழைய ஒழுங்கு. மன்னனுக்காகவும் விகாரைக்காகவும் தலைமுறை தலைமுறையாக உழைத்த கைவினைஞன், வணிகத்தின் நாற்றம் படாத கிராமம், இவை அவருடைய இலட்சிய உலகம். அந்த ஒழுங்கு எவருடைய முதுகின்மீது நின்றது என்ற வினா அவரிடத்தில் மெலிந்தே ஒலிக்கிறது. செய்தவனை அவர் மறக்கவில்லை. அணிந்தவளை, அதிலும் அணிய அனுமதிக்கப்படாதவளை, அவர் அதிகம் நினைக்கவில்லை. கைவினைஞனின் மேன்மையைப் பேசிய அந்நூல், இங்கிலாந்தில் அவரது சொந்த அச்சுக்கூடத்திற் கையச்சாக 425 படிகளே அச்சாயிற்று என்பதையும் போகிறபோக்கிற் குறித்து வைக்கலாம். 1917இல் அவரும் அவரது தொகுப்பும் பொஸ்டன் நுண்கலைக் கூடத்தைச் சென்றடைந்தமை நாமறிந்ததே.

இனி நம் வீட்டுக் குறையையும் பேசவேண்டும். முற்போக்கு எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் நகையைப் பற்றி எழுதியபோதெல்லாம் எதை எழுதினோம்? சீதனக் கொடுமையை எழுதினோம். ஆடம்பரத்தைச் சாடினோம். தாலியை அடிமைச் சின்னம் என்றோம். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. சீதனத்துக்கு நகை சேர்க்க முடியாமல் முதிர்ந்த பெண்கள் இன்றும் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். ஆனால் பொன் என்றதும் பூண்ட விலங்கையே கண்ட நாம், அதே பொன் பெண்ணுக்கு வேறு எதுவாக இருந்தது என்பதைப் பாராமல் விட்டோம்.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அது தெரியும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அசையும் பொருளுக்கு அந்தத் தடை இல்லை. தாய் தகப்பன் சீதனமாகக் கொடுத்த வீடும் வளவும் அவள் பெயரில் இருக்கலாம்; ஒரு கையொப்பத்துக்காக அவள் கணவனின் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும். கழுத்திலே கிடந்த அட்டியலை மட்டும் எவரையும் கேளாமற் கழற்றலாம். அவளுடைய முழு உரிமைக்குட்பட்ட சொத்து அவள் உடம்பிற் தொங்கியது மட்டுமே. ஆடம்பரம் என்று நாம் கேலி செய்த பொருள், பல வீடுகளில் பிள்ளையின் பரீட்சைக் கட்டணமாகவும், கப்பற் காசாகவும், பிரசவச் செலவாகவும் மாறிய பொருள்.

மலையகத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள், கடலைக் கடக்கும் முன்பே கங்காணியின் முன்பணத்தாற் கடனாளிகளாயினர். கடன் தொகை குறித்த 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போக முடியாத நிலை 1921வரை சட்டபூர்வமாக நீடித்தது. கொழுந்து பறித்தவள் பெண். அவள் கூலியைக் கையில் வாங்கியவன் பெரும்பாலும் கணவன் அல்லது தகப்பன். குமாரி ஜயவர்தனாவும் ராச்சல் குரியனும் 2015இல் எழுதிய நூல் இதனை விரிவாகவே எடுத்துக்காட்டுகிறது. காசு கையிற் தங்காத பெண்ணுக்குச் சேமிப்பு என்பது காதிலும் மூக்கிலும் காலிலும் ஏறினால்தான் உண்டு. வெள்ளித் தண்டையும் மூக்குத்தியும் அவளுடைய வங்கிப் புத்தகம்.

அந்தப் பெண்களின் உருவத்தை நாம் இன்று காண்பது எங்கே? ஸ்கீன், ஸ்கோவன், பிளேட்டே முதலிய கொழும்பு நிழற்பட நிலையங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெளியிட்ட படங்களிலும் அஞ்சலட்டைகளிலுமே. காது நிறைய அணி, மூக்கிலே அணி, கழுத்திலே அடுக்கடுக்காக மாலை, பின்னே திரைச்சீலை. அடியில் 'தமிழ்ப் பெண்', 'தேயிலைக் கூலி' என்றொரு வாசகம். கப்பலிற் வந்திறங்கிய துரைமார் அந்த அட்டைகளை வாங்கி ஊருக்கு அனுப்பினர். நகையின் ஒவ்வொரு மணியையும் எண்ணக்கூடிய தெளிவு அப்படங்களில் உண்டு. அணிந்தவளின் பெயர் கிடையாது. அட்டைகளே இன்று பழம்பொருளாக விலைபோகின்றன.

இவ்வாறு சொல்வதால் பழைய நகைகள் எல்லாமே பெண்ணின் காப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம் வாதத்துக்கு எதிராகவே ஒரு சான்றைத் தருவோம். திருவிதாங்கூரிற் புலையர் சாதிப் பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியத் தடை இருந்தது. மார்பை மறைக்கும் ஆடைக்குப் பதிலாகக் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலைகளைக் கழுத்திற் சுமந்தனர். அழகான மாலைகள் என்று ஒரு தொகுப்பாளர் சொல்லக்கூடும். 'பழங்குடி மணிமாலை' என்று பெயரும் இடக்கூடும். 1915இல், பெரிநாட்டில் குடிசைகள் எரிந்து கலவரம் மூண்ட பின்னர், கொல்லத்திற் கூடிய கூட்டத்திலே, அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அப்பெண்கள் தங்கள் கழுத்து மாலைகளை அறுத்துக் குவித்தனர். கல்லுமாலைப் போராட்டம் என்று அது வழங்குகிறது. அந்தக் குவியலிலிருந்து ஒரு மாலையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நூற்றாண்டையும் பொருளையும் மட்டும் எழுதினால், நாம் காட்டுவது என்ன? அணிந்த கதையா, அறுத்த கதையா? யாழ்ப்பாணத்திலும் தாழ்த்தப்பட்ட மக்கள் பொன்நகை பூணுவதைச் சாதி வழக்கம் தடுத்தே வந்தது. ஒருத்திக்கு அட்டியல் உரிமையாக இருந்த அதே ஊரில், அடுத்த ஒழுங்கையில் இருந்தவளுக்கு அட்டியல் குற்றமாக இருந்தது. ஒரே நகை, இரண்டு பொருள். சமூகத்தை விலக்கிவிட்டு நகையின் பொருளைச் சொல்ல முயல்பவர் எந்தப் பக்கத்தில் நின்று சொல்கிறார் என்பதை முதலில் அறிவிக்கட்டும்.

கடன்பட்டவளின் நகையைப் பார்த்தோம். கடன் கொடுத்தவர் வீட்டு நகையையும் பார்ப்போம். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வீடுகளில் மணநாளிலும், பின்னர் கணவனின் அறுபதாம் ஆண்டு நிறைவிலும் மனைவி அணியும் 'கழுத்திரு' என்னும் பெருந்தாலி உண்டு. கறுப்புக் கயிற்றிலோ மஞ்சள் கயிற்றிலோ கோத்த பாரிய பொன் உருக்கள், நகம்போல விரிந்த முனைகள், நுணுகிய தெய்வ வடிவங்கள். தென்னகப் பொற்கொல்லரின் திறமைக்கு அதனினும் சிறந்த சான்று காண்பது அரிது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அத்தகைய தாலியொன்று நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்திலும் இருக்கிறது.

அந்தப் பொன் எங்கிருந்து திரண்டது? கொழும்பிற் செட்டியார் தெருவுக்கு அப்பெயர் வந்த காரணத்தை நினைத்தால் விடை அருகிலேயே கிடைக்கும். வெள்ளைக்காரரின் வங்கிகள் இந்நாட்டவருக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்திலே, வியாபாரிக்கும் சிறு தோட்டக்காரனுக்கும் பணம் புரட்டிக் கொடுத்தவர்கள் செட்டிமாரே. பர்மாவில் 1930களின் நெருக்கடியில் உழவர் கடனைத் திருப்ப முடியாமற்போக, கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களிற் சுமார் கால்பங்கு அவர்கள் கைக்கு மாறியது. இலங்கையில் 1934இன் வங்கி ஆணைக்குழுவும் 1939இல் இலங்கை வங்கியும் தோன்றியபோது அவர்களது காலம் சாய்ந்துகொண்டிருந்தது. தனிமனிதரைப் பழிப்பது நம் நோக்கமன்று. செட்டிமாரும் ஏகாதிபத்திய வங்கிகளுக்கும் நாட்டு மக்களுக்கும் இடையில் நின்ற ஒரு கண்ணியே. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வெள்ளித்தேர் போகும்போது பிள்ளைகளோடு பிள்ளையாக நாமும் பார்த்து மகிழ்ந்தவர்கள்தாம். ஆயினும் ஒரு பெரிய கலைப்பொருளின் எடையைச் சொல்பவர், அந்த எடை சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். கழுத்திரு முழுதாக நின்றது. பர்மிய உழத்தியின் காதணி நிற்கவில்லை.

களவுபோன பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு இப்போது உலகெங்கும் எழுந்திருக்கிறது. 1874இல் பிரித்தானியப் படை குமாசி நகரைச் சூறையாடி எடுத்துச் சென்ற அசாந்தி அரசின் பொன்னணிகளிற் சில, 2024இல் கானாவுக்கு வந்தன. அவையும் கடனாகவே வந்தன! திருடியவன் உரியவனுக்குத் தவணை குறித்துக் கடன் கொடுக்கும் விந்தையை வேறெங்கும் காணோம். நம் நாட்டுக்கும் 1934இல் கண்டி மன்னனின் அரியணையும் முடியும் திரும்பின. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிற் கொள்ளையிட்ட லெவ்கேயின் பீரங்கியும், பொன் வெள்ளி வாள்களும் உட்பட ஆறு பொருள்கள் 2023இல் நெதர்லாந்திலிருந்து கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்துசேர்ந்தன. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் திரும்பி வருபவை யாவும் மன்னரின் பொருள்களாகவே இருப்பதைக் கவனித்தீர்களா? மன்னனிடமிருந்து எடுத்தால் அது கொள்ளை. குடியானவப் பெண்ணிடமிருந்து வட்டிக்கு எடுத்தால் அது விற்பனை. சீட்டு இருக்கிறது, கைநாட்டு இருக்கிறது.

நம் சட்டமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்று வரையறுத்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிய நாள் அது. மன்னன் விழுந்த நாளோடு நாட்டின் பழமை முடிந்துவிட்டது என்பது அதன் உட்கிடை. மலையகத் தமிழர் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டது அதற்குப் பின்னர். ஆக, ஒரு முழு மக்கட் கூட்டத்தின் தண்டையும் தோடும் எத்தனை தலைமுறை கடந்தாலும் அந்த வரையறைக்குள் தொல்பொருளாக மாட்டா. 1948இல் குடியுரிமை பறித்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். பழமையுரிமை பறிபோனது நம் கண்ணிற் படவில்லை. கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்திலே 2007இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சிறு நூதனசாலை அமைக்கப்பட்டது. அரசு செய்யாததை ஒரு சமூக நிறுவனம் செய்தது. ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்லவேண்டிய இடம் அது. தலதா மாளிகையைப் பார்த்துவிட்டுப் பேராதனைப் பூங்காவில் சோற்றுப்பொதி அவிழ்த்து உண்டு திரும்பும் நம் சுற்றுலாக்கள் அவ்வழியாகவும் ஒருமுறை போகலாம்.

தமிழ் கற்றவர்கள் நாம். நகையைப் பற்றி நினைக்கும்போது சிலப்பதிகாரத்தை நினையாமல் இருக்க முடியுமா? நம் பெருங்காப்பியம் ஒன்று, ஒரு பெண் தன் காலணியைக் கழற்றிச் சந்தைக்கு அனுப்புவதால் விளைந்த கேட்டின் கதை. அதனை நீதியின் காப்பியம் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அரசன் விசாரியாமல் இட்ட கட்டளைக்குக் காப்பியம் பொற்கொல்லனையே முதற் குற்றவாளியாக நிறுத்தியது. பின்னர் கொற்கை வேந்தன் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டதாகவும் சொல்லப்படுகிறது. ஓர் அரசனின் பிழைக்கு ஆயிரம் தொழிலாளர்! இந்த இடத்தை நாம் பரீட்சைக்கு வராத பகுதியென்று கடந்துபோகிறோம்.

அதே காப்பியத்தில் இன்னொன்றும் உண்டு. கோப்பெருந்தேவியின் சிலம்பினுள் முத்து. கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கம். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவள் அதனை அணிந்தவள் ஒருத்தியே. அவள் உடைத்துக் காட்டியதால் உண்மை வெளிப்பட்டது. மட்டக்களப்பு ஊர்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகையம்மனின் சிலம்பு எழுந்தருளும்; சிங்களக் கிராமங்களில் பத்தினித் தெய்வத்தின் கைச்சிலம்பாக அதுவே ஒலிக்கும். இரண்டு மொழி மக்களும் தெய்வமாக ஏற்றுக்கொண்டது, தன் நகையைத் தானே அடையாளம் காட்டி நீதி கேட்ட ஒரு பெண்ணை.

இந்நாட்டில் அப்படி நீதி கேட்கவேண்டிய பெண்கள் எத்தனை பேர்! 1983 யூலையில் செட்டியார் தெருவின் நகைக்கடைகள் கொள்ளையிடப்பட்டன, வெள்ளவத்தை எரிந்தது. கடை நகையோடு, பழுது பார்க்கவும் அடைவாகவும் கொடுத்திருந்த வீட்டு நகைகளும் போயின. 1990இல் வடக்கில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று விடுதலைப் புலிகள் வசூலித்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் பெண்களின் காதணிகள் வழியிலேயே கழற்றப்பட்டன. இதனைச் சொல்லாமல் மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் சொல்பவர் முற்போக்காளர் அல்லர். 1994இல் தமிழீழ வைப்பகம் தொடங்கியபின், வன்னிப் பெண்கள் தம் நகைகளை அங்கே அடைவு வைத்தனர். 2009இல் அந்தப் பொன் அரச படையினரின் கைக்குப் போயிற்று. 2014இல் சிலருக்கு அவர்தம் நகைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. எஞ்சியவற்றிற் பெருந்தொகையான பொன் வெள்ளி அணிகலன்களை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது.

செய்தித்தாள்கள் அப்போது அவற்றின் எடையையும் பெறுமதியையும் கேட்டன. எடைபோட்டு, மாற்றுப் பார்த்து, மத்திய வங்கியிற் சேர்ப்பது பற்றிப் பேசப்பட்டது. கறுப்புப் பட்டின்மேல் பாம்படத்தை வைத்துப் படம்பிடித்தவரும், தராசிலே தாலிக்கொடியை வைத்து நிறுத்தவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். அவை வெறும் பொன்னல்ல. அவற்றுள் எத்தனையோ பேரன் பேத்திக்கு வரவேண்டியிருந்த பழைய நகைகள்; ஊர்ப் பத்தர் வீட்டுத் திண்ணையில் இருந்து கண்முன்னே செய்வித்தவை; இன்ன வாளியில் இன்ன கல் மாற்றியது, இன்ன கொடியில் இத்தனையாவது வளையம் பற்றவைத்தது என்று உரியவள் இருட்டிலும் தடவிச் சொல்லக்கூடியவை. அடைவுச் சீட்டு முள்ளிவாய்க்காற் கடற்கரையில் மண்ணோடு போயிருக்கும். நினைவு போகவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இரண்டாம் முறையும் எஞ்சிய நகையோடு அடைவுகடை வாசலில் நின்றவர்களுக்குள் அந்தப் பெண்களும் இருந்திருப்பார்கள்.

ஒவ்வொரு நகையையும் முன்னும் பின்னும் படம்பிடித்து, இலக்கமிட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டச் செயலகங்களில் மக்கள் பார்வைக்கு வைப்பது அரசுக்கு இயலாத வேலையன்று. தேசிய நூதனசாலையிற் பட்டியல் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். செட்டியார் தெருவில், ஒரு நகையின் பற்றுவைப்பைப் பார்த்தே அது எந்த ஊர் வேலை என்று சொல்லக்கூடிய பத்தர்கள் இருக்கிறார்கள். இருசாராரையும் ஒரு மேசையில் அமர்த்தலாம். உருக்குவதற்கு முன் இது நடக்கவேண்டும். உரிமை கோரி வரும் பெண்ணிடம் சீட்டைக் கேளாமல், நகையைப் பற்றி அவள் சொல்வதை எழுதிக்கொள்ளும்படி அதிகாரிகளுக்குப் பணிக்கவேண்டும். எழுத ஆள் போதாதெனில், விடுமுறை நாள்களில் ஆசிரியர்களாகிய நாம் போய் எழுதிக் கொடுக்கலாம்; உயர்தர வகுப்பு மாணவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.